வீட்டில் மராமத்து நடக்கும்போது கோழிகளை எப்படிப் பார்த்துக்கொள்வது?

எங்கள் சமையலறையை இடித்துக் கட்டிய சமயத்தில் கொல்லையில் ஆறு பெட்டைக்கோழிகள் இருந்தன. வேலை தொடங்கிய ஒன்பதாம் நாள், அதில் ஒன்று தீனி எடுக்காமல் இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு சின்ன ஆணியும் இரண்டு கம்பித் துண்டுகளும் இருந்தன. இரண்டு நாளில் அந்தக் கோழி இறந்துபோனது. குஞ்சாக இருந்ததிலிருந்து அதைக் கையில் வைத்து வளர்த்தவள் என் மகள்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்த வேலை என்றாலும் முதலில் கோழிகளுக்கு ஏற்பாடு, அப்புறம்தான் சுத்தியல் என்று ஆகிவிட்டது. அந்த ஏற்பாட்டை, புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கோழிக்குப் பல் கிடையாது. விழுங்கிய தீனியை அரைவைப்பை என்ற தடித்த தசைப்பைதான் அரைக்கிறது. அரைக்கச் சின்னச் சின்னக் கற்கள் வேண்டும். அதனால் தரையில் கெட்டியாக, பளபளப்பாக எது கிடந்தாலும் கோழி தேடிப் போய்க் கொத்தும். திருகாணி, கண்ணாடிச் சில்லு, காய்ந்த பெயிண்ட் செதில் எல்லாமே அதன் கண்ணுக்குக் கல்தான். உள்ளே போன ஆணி அங்கேயே தங்கி, தசை பிசையப் பிசையப் பையின் சுவரைக் குத்தும். துத்தநாகம் பூசிய ஆணியாக இருந்தால் அது தேயத் தேய உடம்பில் விஷம் ஏறும். கீழே விழுவது எதுவும் கோழியின் வாய்க்கு எட்டக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: வேலை தொடங்கும் முன் ஒரு படம் வரையுங்கள்

ஒரு காகிதத்தில் வீட்டையும் கொல்லையையும் வரைந்துகொள்ளுங்கள். இடிசலை எங்கே கொட்டுவார்கள், சிமெண்ட் எங்கே குழைப்பார்கள், மரமும் டைல்ஸும் அறுக்கும் இடம் எது, வண்டி எந்த வழியாக வரும் என்று கொத்தனாரிடம் கேட்டுக் குறியுங்கள். காற்று பெரும்பாலும் எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதையும் அம்புக்குறியாகப் போடுங்கள். இந்த இடங்களிலிருந்து தள்ளி, காற்று வரும் திசையில், நிழல் உள்ள ஒரு மூலை கிடைத்தால் கோழிகளுக்கு அதுதான் இடம். உங்கள் கூடு ஏற்கெனவே அப்படி ஒரு மூலையில் இருந்தால் இடம் மாற்ற வேண்டாம்; கோழிகள் வெளியே மேயும் எல்லையை மட்டும் வேலியால் சுருக்கினால் போதும்.

சிமெண்ட் குழைக்கும் இடத்தை அலட்சியமாக விடாதீர்கள். ஈரச் சிமெண்ட் கோழியின் காலை அரித்துப் புண்ணாக்கும். கரண்டி கழுவிய தண்ணீர் குழியில் தேங்கி நின்றால் அதையும் குடித்துவிடும்.

படி 2: தற்காலிக இடம்

ஒரு கோழிக்குக் கூட்டின் உள்ளே 4 சதுர அடி, வெளியே திரிய 10 சதுர அடி என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. ஆறு கோழி என்றால் உள்ளே 24, வெளியே 60 சதுர அடி. சில வாரம்தானே என்று இதைக் குறைக்காதீர்கள். நெருக்கடியில் கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும். ரத்தம் பார்த்துவிட்டால் நிறுத்துவது கஷ்டம்.

வலைக்கு அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை வாங்குங்கள். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். ஆனால் கீரியும் நாயும் அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். கூட்டைச் சுற்றித் தரையில் ஓர் அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாக விரித்து மேலே கல்லை வையுங்கள். தோண்டி நுழைய வரும் பிராணி அங்கேயே நின்றுவிடும். வலையை வெட்டும்போது தெறிக்கும் கம்பி நுனிகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். எங்கள் கோழியின் வயிற்றில் இருந்த கம்பித் துண்டுகள் வேலையாட்கள் போட்டவை அல்ல. வேலி கட்டும்போது நான் வெட்டிப் போட்டவை.

படி 3: இருட்டிய பிறகு மாற்றுங்கள்

பகலில் கோழியைத் துரத்திப் பிடித்தால் அதற்கும் மூச்சிரைக்கும், உங்களுக்கும் இரைக்கும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, அடங்கி உட்கார்ந்திருக்கும். இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்துத் தூக்கிக் கொண்டுபோய்ப் புதிய கூட்டில் கம்பின் மேல் உட்கார வையுங்கள்.

மறுநாளே திறந்துவிட்டால் பொழுது சாயும்போது பழைய இடத்துக்கே போய் நிற்கும். ஒரு வாரம் புதிய கூட்டிலும் அதை ஒட்டிய அடைப்பிலுமே வைத்திருங்கள். அதற்குள் இதுதான் வீடு என்று பழகிவிடும்.

படி 4: பழைய பெயிண்ட்

எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பழைய வீடுகளின் கதவு, ஜன்னல், கம்பிகளில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உப்புத்தாளால் தேய்க்கும்போது தூள் காற்றில் பறந்து மண்ணில் படியும். கோழி அந்த மண்ணைக் கிளறும், அதிலேயே மண்குளியலும் போடும். உள்ளே போன ஈயம் முட்டைக்கும் வரும், முக்கியமாக மஞ்சள் கருவுக்கு. கோழி பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், முட்டையும் வழக்கம்போல் இடும். வேகவைத்தாலும் ஈயம் போகாது. சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பதால் இதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். சுரண்டுவதற்கு முன் பெயிண்டைப் பரிசோதித்துவிடுங்கள். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நம்பகமானது. ஈயம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. நனைத்து, கீழே கெட்டியான பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டிக் கட்ட வேண்டும். முடிந்தால் இந்த வேலை தெரிந்த ஆளிடமே விடுங்கள். கோழிகள் ஏற்கெனவே அந்த மண்ணில் மேய்ந்துவிட்டன என்றால், முட்டையையும் மண்ணையும் பரிசோதித்து முடிவு வரும்வரை முட்டையை யாரும் சாப்பிட வேண்டாம்.

இன்னொரு விஷயம் புகை. பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட வேகமாகக் காற்றை உறிஞ்சும். கெட்ட காற்றும் அதே வேகத்தில் உள்ளே போகும். நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மேல் சூடானால் வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். புதுச் சமையலறையில் அடுப்பையும் ஓவனையும் முதன்முதலில் சூடேற்றிப் பார்க்கும் நாளில், குஞ்சுகளை வைத்து வளர்க்கும் பெட்டி வீட்டுக்குள் இருக்கக் கூடாது. வார்னிஷ், தின்னர் அடிக்கும் நாட்களுக்கும் இதே விதிதான்.

படி 5: தினமும் மாலை ஒரு காந்தம்

வேலையாட்கள் கிளம்பியதும் நடைபாதை, மரம் அறுத்த இடம், கூட்டின் வாசல் என எல்லா இடத்திலும் கயிற்றில் கட்டிய பெரிய காந்தத்தை இழுத்துக்கொண்டு நடங்கள். இது குழந்தைகளுக்குப் பிடித்த வேலை. எங்கள் வீட்டில் மகளும் அவள் தம்பியும் முறை போட்டுச் செய்தார்கள். ஒரு டப்பாவில் சேர்ந்த ஆணிகளைத் தினமும் எண்ணினார்கள். கெட்டிக் காலணி போட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். காந்தத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டாது என்பதால் எலக்ட்ரீஷியன் வந்துபோன நாளில் மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே குனிந்து பார்த்துப் பொறுக்க வேண்டும்.

தெர்மாகோலை மறக்காதீர்கள். ஃபிரிட்ஜ், ஓவன் வந்த பெட்டியிலிருந்து உதிரும் வெள்ளை மணிகளைக் கோழிகள் ஆசை ஆசையாகத் தின்னும். பெட்டியை வீட்டுக்குள்ளேயே பிரித்து, உடனே மூட்டை கட்டிவிடுங்கள்.

படி 6: சத்தமும் முட்டையும்

துளைபோடும் சத்தம் கேட்ட சில நாட்கள் முட்டை குறையும், ஓடு மெலிந்தோ கோணலாகவோ வரும். பயப்பட வேண்டாம். ஒரு முட்டை உருவாகக் கிட்டத்தட்ட 25 மணி நேரம் ஆகிறது. நடுவில் கோழி மிரண்டால் அது முட்டையில் தெரியும். தீனியும் தண்ணீரும் தினமும் அதே நேரத்தில், அதே ஆள் கையால் கிடைத்தால் சீக்கிரம் அமைதியாகிவிடும். ஒரு கோழி நாளைக்குச் சுமார் 120 கிராம் தீவனம் எடுக்கும், கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயிலில் தண்ணீர் இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். வீட்டுக் குழாயை மூடிவைக்கும் நாட்கள் வரும் என்பதால் ஒரு குடம் தனியாகப் பிடித்து வையுங்கள்.

யார் என்ன செய்வது என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். காலையில் திறப்பது மாமியார், தண்ணீர் மாற்றுவது என் கணவர், முட்டை எடுப்பது பிள்ளைகள், இரவு எண்ணிப் பூட்டுவது நான். வீடே தலைகீழாகக் கிடக்கும்போது ‘நீ பூட்டியிருப்பாய் என்று நினைத்தேன்’ என்ற ஒரு வார்த்தையில் கோழிகள் போய்விடும். சமையலறையில் குழாய் இல்லாத நாட்களில் கை கழுவ வெளியே ஒரு வாளியும் சோப்பும் கட்டாயம் வேண்டும். கோழி எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் தொற்றும்.

படி 7: பழைய அலமாரியை முட்டைப் பெட்டியாக்குதல்

சமையலறையிலிருந்து கழற்றிய பழைய அலமாரியைத் தூக்கிப் போடாதீர்கள். கெட்டி மரமாக இருந்து, பெயிண்ட் பரிசோதனையிலும் தேறினால், அதைவிட நல்ல முட்டைப் பெட்டி கிடையாது. மரத்தூள் பலகை என்றால் விட்டுவிடுங்கள். ஈரம் பட்டதும் ஊதிப் பிளக்கும். அந்தப் பிளவில் செள் குடியேறும்.

கதவுகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு அறையும் நீளம், அகலம், உயரம் எல்லாம் ஓர் அடி வருமாறு நடுவில் பலகை அடியுங்கள். நான்கு கோழிக்கு ஓர் அறை போதும். எத்தனை அறை வைத்தாலும் எல்லாம் ஒரே அறைக்குத்தான் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு அறையின் வாசலிலும் நான்கு அங்குல உயரத்தில் ஒரு தடுப்புப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் மரச்சீவலும் முட்டையும் வெளியே உருளும். கழற்றிய கதவை அலமாரியின் தலையில் நல்ல சரிவாகப் பொருத்துங்கள். மேல்பக்கம் தட்டையாக இருந்தால் கோழிகள் அங்கே ஏறித் தூங்கி எச்சமிடும்.

தூங்குவதற்கான கம்பு இந்தப் பெட்டிகளைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தைத்தான் தேடும். இரண்டு அங்குல அகலக் கட்டையின் விளிம்பை மழுக்கி, ஒரு கோழிக்கு எட்டிலிருந்து பத்து அங்குலம் வீதம் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பழைய ஜன்னல் சட்டம் கிடைத்தால், கண்ணாடியை எடுத்துவிட்டு வலை அடித்து, கம்புக்கு மேலே கூரையை ஒட்டி வையுங்கள். சூடும் ஈரமும் அதன் வழியாக வெளியே போகும், தூங்கும் கோழி மேல் காற்று நேராக அடிக்காது.

அலமாரியின் இணைப்புகளை எல்லாம் பட்டி வைத்து அடைத்துக் காயவிடுங்கள். பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளுக்கு ஒரு மயிரிழை இடைவெளி போதும். இரவில் டார்ச் அடித்துக் கம்பின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

படி 8: திரும்ப விடும் நாள்

கடைசி ஆள் கிளம்பிய மறுநாளே கொல்லையைத் திறந்துவிட வேண்டாம். இடிசல் கிடந்த இடத்தில் மேல்மண்ணை இரண்டு அங்குலத்துக்கு வழித்தெடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். காந்தத்தை நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை இழுங்கள். நல்ல மழை ஒன்று பெய்தால் இன்னும் ஒருமுறை. மண் கரைந்து புதைந்த ஆணிகள் மேலே தெரியும்.

பிறகு ஒரு மாலையில், அடையும் நேரத்துக்கு ஒரு மணி முன்பாகத் திறந்துவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் தாமாகவே கூட்டுக்குத் திரும்பும். எண்ணிப் பாருங்கள். பூட்டும்போது ஒவ்வொன்றின் தீனிப்பையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மேய்ந்து வந்த கோழிக்குக் கழுத்தின் கீழே நிறைந்திருக்கும், காலையில் காலியாகியிருக்கும். காலையிலும் கெட்டியாகவே இருந்தாலோ, ஒரு கோழி மட்டும் உப்பிக்கொண்டு ஒதுங்கி நின்றாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.