மனநலச் சமூகப் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் சீக்கிரம் உதவிவிட வேண்டும் என்ற அவசரத்தில், யாருக்காக உதவுகிறோமோ அவரிடம் கேட்காமலே எல்லா முடிவும் நடந்துவிடுகிறது. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை என்றே நினைக்கிறேன்.

கேஸ் ஹிஸ்டரி எடுக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியும் அவருடைய அம்மாவும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். "எப்போதிலிருந்து தூக்கம் வரவில்லை?" என்று மகனிடம் கேட்டால், பதில் அம்மாவிடமிருந்து வரும். அடுத்த கேள்விக்கும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் நாமும் அம்மாவைப் பார்த்தே கேட்க ஆரம்பித்துவிடுவோம். மகன் தலையைக் குனிந்துகொள்வார். கடைசியில் படிவத்தில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவோம். குடும்பத்தார் சொல்லும் தகவல் கட்டாயம் தேவை. ஆனால் முதலில் நோயாளியோடு தனியாகப் பேசுங்கள். "இப்போது உங்களுக்குப் பெரிய தொல்லை எது?" என்று கேளுங்கள். மருத்துவருக்குக் காதில் கேட்கும் குரல் பெரிய பிரச்சினையாக இருக்கலாம். நோயாளிக்கோ வாடகை பாக்கியோ, பிள்ளையைப் பார்க்க விடாததோ அதைவிடப் பெரிதாக இருக்கும். அதில் கைவைத்தால்தான் மற்றதைப் பேச அவர் இடம் கொடுப்பார்.

மாத்திரை விஷயத்திலும் இதே கதைதான். "ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "சாப்பிடுகிறேன்" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போவது சகஜம் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், உண்மை வெளியே வரும். அப்புறம் ஏன் என்று கேளுங்கள். உடல் எடை கூடுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது, கை நடுக்கம், தாம்பத்தியத்தில் சிக்கல் என்று காரணங்கள் வரும். கடைசியில் சொன்னதை யாரும் தானாக வாய்திறந்து சொல்லமாட்டார்கள், நாம்தான் பக்குவமாகக் கேட்க வேண்டும்.

ஒரு பக்கவிளைவை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோய்க்குத் தரும் சில மருந்துகளால், ஓர் இடத்தில் உட்காரவே முடியாத தவிப்பு வரும். கால் தானாக ஆடும், எழுந்து நடந்துகொண்டே இருக்கத் தோன்றும். பார்ப்பவர்களுக்கு அது நோய் முற்றியதுபோலத் தெரியும், சில இடங்களில் மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார்கள், தவிப்பு இன்னும் அதிகமாகும். இது எப்போது தொடங்கியது, மருந்து மாற்றிய பிறகா என்று கேட்டு மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல, பெரும்பாலும் நோயாளியோடு அதிக நேரம் இருக்கும் நம்மால்தான் முடியும்.

உடல்நோயை மனநோய் என்று எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்த முதியவர் இன்று திடீரென உளறினால், ஆள் தெரியாமல் பேசினால், முதலில் காய்ச்சல், கிருமித் தொற்று, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். கவுன்சலிங் அப்புறம்.

தற்கொலை பற்றிக் கேட்கத் தயங்குவதைத்தான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு என்பேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் அனுபவசாலிகளுக்கும் இருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. "தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?" என்று கேட்காதீர்கள். 'இல்லை' என்ற பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் பதறாமல், திட்டம் ஏதாவது இருக்கிறதா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா என்று தொடருங்கள்.

"இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது உயிரைக் காக்கும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. அதைவிட, அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் பயன்படும். நெருக்கடி வருவதற்கான அறிகுறிகள், தானே மனதைத் திருப்பச் செய்யக்கூடியவை, கவனத்தை மாற்ற உதவும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய நெருங்கியவர்கள், தொடர்புகொள்ள வேண்டிய நிபுணர்கள், ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துவது என்று ஆறு படிகள். இதை நாம் நிரப்பிக் கொடுத்தால் அது வெறும் தாள். அவர் வாயால் சொல்லி, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். ரகசியத்தின் எல்லை எதுவரை என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால், பிறகு துரோகம் செய்ததுபோல ஆகாது.

குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பழைய பழக்கம். மனச்சிதைவுக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்து 1948-இல் மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் எழுதியதிலிருந்து பல ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்று கைவிடப்பட்டும், எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பிறகு இங்கிலாந்தில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் வேறொன்றைக் கண்டார்கள்: ஓயாத குறைசொல்லலும், வெறுப்பும், அளவுக்கு மீறிய பொத்திப் பாதுகாப்பும் இருக்கும் வீடுகளுக்குத் திரும்புகிறவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம். இதைப் படித்துவிட்டு "நீங்கள் திட்டுவதால்தான்" என்று வீட்டாரைக் கடிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆய்வு சொன்னது நோய் மறுபடி வருவதைப் பற்றி, நோய் உண்டாவதைப் பற்றி அல்ல. இரவெல்லாம் கண்விழித்துக் களைத்தவர்தான் காலையில் எரிந்து விழுகிறார். சோம்பல் என்று அவர் நினைப்பது நோயின் அறிகுறி என்று விளக்குங்கள். அவருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்க வழி தேடுங்கள். இப்படிக் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலை, நோய் திரும்புவதைக் குறைக்கிறது என்பதும் ஆய்வுகளில் உறுதியானதுதான்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். அக்கம்பக்கத்தார் யாரென்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் கேஸ் முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறோம். ஆனால் மனநல வார்டிலிருந்து வெளியே வந்த முதல் சில நாட்களிலும் வாரங்களிலும்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். "அடுத்த மாதம் வாருங்கள்" என்பது போதவே போதாது. முதல் வாரத்துக்குள் ஒரு சந்திப்பு, முடியாவிட்டால் ஒரு போன். கிளம்புவதற்கு முன்பே சில கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: எங்கே தங்கப்போகிறார், கையில் எத்தனை நாளைக்கு மருந்து இருக்கிறது, நடு இரவில் முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவார்?

கடைசியாக வேலை. "முதலில் முழுசாகக் குணமாகட்டும், அப்புறம் வேலை தேடலாம்" என்பது அக்கறையான பேச்சாகத் தோன்றும். இப்படியே வருடங்கள் ஓடிவிடும். நோயாளிகளுக்கென்றே நடத்தும் பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்துக் காத்திருப்பதைவிட, அவர் விரும்பும் வேலையை வெளியில் சீக்கிரமே தேடிப் பிடித்து, வேலையில் சேர்ந்த பிறகு பக்கபலமாக இருப்பது நல்ல பலன் தருவதை 1990-களிலிருந்து பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அவர் விருப்பம். முதலாளியிடம் நோயைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதிலும், இரண்டு பக்கத்து நன்மை தீமைகளை எடுத்துச் சொல்லலாம், முடிவு அவருடையது.