அட்சரகணிதம் ஓடுது, கேத்திரகணிதம் நிக்குது: எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிப்பது

"இவனுக்குக் கணக்கு ஓடாது" என்று முடிவு கட்டுமுன் பிள்ளையின் கொப்பியை விரித்து, பேனை எந்த வரியில் நின்றது என்று பாருங்கள். அட்சரகணிதத்தில் பேனை நிற்பது குறைவு. பிழையையும் இழுத்துக்கொண்டு கடைசி வரி வரை போய்விடும். கேத்திரகணிதத்தில் முதல் வரியே வராமல், பிள்ளை படத்தைப் பார்த்தபடி இருக்கும். சமன்பாட்டில் அடுத்த படி முந்தைய வரியிலேயே கிடக்கிறது. நிறுவலில் எந்த முக்கோணியை எடுப்பது என்று பிள்ளைதான் தேட வேண்டும். படிமுறையில் பழகிய பிள்ளைக்கு முன்னது கைவரும், வடிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குப் பின்னது. இரண்டும் பழக்கத்தால் வளர்பவை.

முதலில் அரைத் தாளில் நான்கு கேள்விகள் கொடுங்கள், 10 நிமிடம் போதும்.

8 + 4 = □ + 5. பெட்டிக்குள் 12 எழுதினால், சமன் குறியை "விடை வருது" என்ற அடையாளமாகவே பிள்ளை படிக்கிறது. விடை 7.

5 − (அ − 3). 2 − அ என்று வந்தால், அடைப்புக்கு முன்னுள்ள மறைக்குறி இரண்டாம் உறுப்பைத் தொடவில்லை. விடை 8 − அ.

(அ + 3)². அ² + 9 என்று எழுதினால் திருத்திக் கொடுக்காதீர்கள். அ = 2 எனப் பிரதியிடச் சொல்லுங்கள்: ஒரு பக்கம் 25, மறுபக்கம் 13. பிழை தானே தெரியும். இந்தச் சோதனை பழக்கமானால் பரீட்சை மண்டபத்திலும் கைகொடுக்கும்.

நான்காவது, பக்கவாட்டில் படுத்திருக்கும் இருசமபக்க முக்கோணி. சம பக்கங்களுக்குக் கோடிட்டு, சம கோணங்களைக் கேளுங்கள். "கீழே இருக்கிற ரெண்டும்" என்றால், பிள்ளை பண்பைப் பார்க்காமல் தோற்றத்தைப் பார்க்கிறது. நெதர்லாந்து ஆசிரியர்களான பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே தம்பதி 1957இலேயே காட்டியது இதுதான்: கேத்திரகணிதச் சிந்தனை படிப்படியாக ஏறுகிறது, தோற்றப் படியில் நிற்கும் பிள்ளைக்கு நிறுவலைக் கொடுத்தால் அது மனனமாகத்தான் போகும்.

சமன் குறிக்கு நெல் மூட்டை நல்ல துணை. 3 மூட்டையும் 5 கிலோவும் தராசின் ஒரு தட்டில், 2 மூட்டையும் 55 கிலோவும் மறு தட்டில். இரு தட்டிலிருந்தும் 2 மூட்டை, பிறகு 5 கிலோ எடுத்தால், ஒரு மூட்டை 50 கிலோ. இதை 3அ + 5 = 2அ + 55 என்று எழுதும்போது எழுத்து குறிப்பது மூட்டையை அல்ல, அதிலுள்ள கிலோ எண்ணிக்கையை. இதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும்.

கேத்திரகணிதத்தை வளவுக்குள் இறக்குங்கள். கயிற்றில் 12 மீற்றர் அளந்து, 3ஆம், 7ஆம் மீற்றரில் துணித்துண்டு கட்டுங்கள் (முடிச்சுப் போட்டால் நீளம் குறையும்). இரு நுனியும் சேரும் இடத்திலும் துணி கட்டிய இரண்டு இடங்களிலும் தடி நட்டு இழுத்தால், 3ஆம் மீற்றரில் நட்ட தடியில் செங்கோணம். அத்திவாரம் வெட்டும் மேசனும் இதே அளவைத்தான் அடிக்கணக்கில் பிடிக்கிறார்.

பிறகு கொப்பி. சிக்கலான படத்திலிருந்து வேண்டிய இரு முக்கோணிகளைத் தனியே பெயர்த்து, வேறு திசையில் வரையச் சொல்லுங்கள். அநேகமாக இங்கேதான் தடை உடையும். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமகூறிடும் என்று நிறுவும்போது, அந்தச் சமத்தையே காரணமாக எழுதிவிடும் பிள்ளைகள் பலர். எதிர்ப்பக்கங்கள் சமம், ஒன்றுவிட்ட கோணங்கள் இரு சோடி சமம், ஆகவே கோ.கோ.ப. (கோணம், கோணம், பக்கம்) படி இரு முக்கோணிகளும் ஒருங்கிசையும்; இருசமகூறு அதன் பிறகுதான். தாளை நெடுக்காக மடித்து இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம். காரணம் வெறுமையாக இருந்தால் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

"கேத்திரகணிதத்தை விட்டிட்டு மற்றதைச் செய்" என்ற புத்திமதி ஆபத்தானது. இலங்கையின் சாதாரண தரப் பரீட்சையில், கணிதத்தின் இரண்டாம் வினாத்தாளில் பகுதிக்கு 6 வினாவில் 5 செய்ய வேண்டும், விடக்கூடியது ஒன்றுதான். அமைப்பு வினாவில் கவராயத்தால் போட்ட விற்களை அழிக்க விடாதீர்கள். அவை இல்லாவிட்டால் கோட்டைக் கவராயத்தால் அமைத்ததா, கண்ணால் வைத்ததா என்று திருத்துபவருக்குத் தெரியாது.