ஒரு நத்தைக்குள் இரண்டு நூற்புழு: போட்டியை அளப்பது எப்படி?

ஓடில்லா நத்தைகளை ஒழிக்க ஃபாஸ்மராப்டைட்டிஸ் ஹெர்மாஃப்ரோடிட்டா என்ற நூற்புழு பிரிட்டனில் 1994-ல் விற்பனைக்கு வந்தது. அதோடு இன்னோர் இனத்தையும் கலந்தால் பலன் கூடுமே என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் தீனி அதே நத்தையின் உடல்தான். கலவை உதவுகிறதா, கெடுக்கிறதா என்பதை மூன்று வாரச் சோதனையில் கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது இனமாக அதே ஃபாஸ்மராப்டைட்டிஸ் பேரினத்தின் நியோபாப்பிலோசாவை எடுங்கள். அதில் ஆண், பெண் தனித்தனி. ஹெர்மாஃப்ரோடிட்டாவோ தானே கருவுற்றுக்கொள்ளும். ஆண் மிக அரிது. மற்றபடி இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், ஆண் புழுதான் நமக்கு அடையாளம். அதே பேரினத்தின் கலிஃபோர்னிக்கா இனமும் தானே கருவுறும் வகை. அதைச் சோதிப்பதானால் நுண்ணோக்கி போதாது, பிசிஆர் என்ற மரபணுச் சோதனை வேண்டும்.

இரண்டு புழுக்களையும் ஒரே வகைப் பாக்டீரியாவைத் தின்னக் கொடுத்து வளர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது புழுவையா, பாக்டீரியாவையா என்றே தெரியாமல் போகும்.

சாம்பல் வயல் நத்தைகள் (ஓடில்லாதவை) 150 தேவை, எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். பிடித்து வந்ததும் இரண்டு வாரம் தனியே வையுங்கள். முதுகின் முன்பாதியில் சேணம் போல் இருக்கும் மடிப்பின் பின்புறம் புடைத்திருந்தால் வயலிலேயே தொற்று வந்துவிட்டது, விலக்கிவிடுங்கள்.

10 × 10 செ.மீ. டப்பாக்கள் 30, ஒவ்வொன்றிலும் சுட்டு ஆறவைத்த ஈரமண், 5 நத்தை. ஆறு வகைக்கும் ஐந்தைந்து டப்பா: வெறும் தண்ணீர், முதல் இனம் 3000, இரண்டாம் இனம் 3000, முதலாவது மட்டும் 1500, இரண்டாவது மட்டும் 1500, இரண்டிலும் தலா 1500 கலந்தது. 3000 என்பது சதுர செ.மீ.க்கு 30, வயலில் இடும் அளவு. பலரும் விட்டுவிடுவது அந்த 1500 டப்பாக்களைத்தான். அவை இல்லாமல் கலவையின் முடிவுக்குப் பொருளே இல்லை.

புழுக்களை எண்ணும் முன் அவை உள்ள கரைசலை அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிரில் உயிருள்ள புழுவும் அசையாமல் கிடக்கும்; ஊசி முனையால் தொட்டும் நெளியாதது செத்தது. புழு அடியில் படியும், ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் கலக்குங்கள். 50 மைக்ரோலிட்டர் துளியில் சராசரி 25 உயிருள்ள புழு என்றால் மில்லிக்கு 500. 3000-க்கு 6 மில்லி. ஓர் இனம் மட்டும் 1500 இடும் டப்பாவில் 3 மில்லி கரைசலோடு 3 மில்லி தண்ணீர் சேர்த்து ஈரத்தைச் சமப்படுத்துங்கள்.

15 டிகிரியில் வைத்து, தினமும் கேரட் துண்டு மாற்றி, 21 நாள் பாருங்கள். தொற்றிய நத்தை முதலில் தீனியை விடும், பிறகு மண்ணுக்குள் போய்ச் சாகும். ஆகவே மண்ணைக் கிளறித்தான் எண்ண வேண்டும். பிணத்தை உடனே எடுத்துவிடுங்கள், மற்ற நத்தைகள் தின்றுவிடும்.

பிணங்களைத் தனித்தனிப் பெட்ரி தட்டில் ஈரத்தாள் மேல் வைத்து, முதிர்ந்த புழுக்கள் தெரிந்ததும் ஆண்களை எண்ணுங்கள். ஆணின் வால் நுனியில் விசிறி போன்ற சவ்வும் இரண்டு முட்களும் தெரியும். நியோபாப்பிலோசா மட்டும் இட்ட டப்பாவில் ஆண் விகிதம் என்ன என்று முதலில் பார்த்து, அதைக் கொண்டு கலவையில் அதன் பங்கைக் கணக்கிடுங்கள். பாதியாகத் தொடங்கிய பங்கு எந்தப் பக்கம் சாய்ந்ததோ, அந்த இனம் உள்ளே வென்றது.

சாவுக் கணக்கைத் தனியே பாருங்கள். தனியாக இட்ட 1500 கொன்றதைவிடக் கலவை குறைவாகக் கொன்றால் ஒன்று மற்றதைத் தடுக்கிறது. தனி 3000-ஐ அது தாண்டினால் மட்டுமே கலப்பதில் லாபம்.