பாலியல் வன்முறைக்குப் பின் முதல் 72 மணி நேரம்: மருத்துவமனையில் கேட்டுப் பெற வேண்டியவை

சென்னையில் நடைபாதையில் குடியிருக்கும் பெண்களுக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் மருத்துவமனைத் துணையாகச் சென்று கற்றுக்கொண்டதை, இனி துணையாகச் செல்லப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: புறப்படுதல். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் 'பெப்' மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. 72 மணி நேரம் கடந்துவிட்டால் அதைத் தொடங்குவதில்லை. குளிக்காமல் செல்வது தடயத்துக்கு நல்லது என்றாலும், குளித்துவிட்டோமே என்று எவரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. மாற்றிய உடைகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதையே நான் விரும்புவேன். மகப்பேறு மருத்துவர், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் ஆகியவை பெரும்பாலும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கும்.

படி 2: உள்ளே நுழைதல். நான் முதன்முறை தடுமாறிய இடம் இதுதான். விவரம் தெரியாமல் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றோம். அங்கிருந்து மகளிர் பிரிவுக்கும், பிறகு தோல் நோய்ப் பிரிவுக்கும் அனுப்பினார்கள். கடைசியில், "போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்றார் ஒருவர். உடன் வந்த அக்கா, "வேணாம் கண்ணு, வீட்டுக்குப் போயிடலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு பகலில் ஏழு மணி நேரம் வீணானது.

ஆகவே, நேராக கேஷுவாலிட்டிக்குச் சென்று, "பாலியல் வன்முறை, உடனடி சிகிச்சை வேண்டும்" என்று அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆவது பிரிவின்படி, அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, கட்டணமின்றி உடனே சிகிச்சை அளித்தாக வேண்டும். மறுத்தால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. காவல்துறைக்குத் தகவல் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. சிகிச்சைக்காக நாம் புகார்ச் சீட்டு கொண்டுவர வேண்டியதில்லை. இந்த இரண்டு சட்டப் பிரிவு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் வாதிடுவதைவிட, தாளைக் காட்டுவது விரைவாக வேலை செய்கிறது.

பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும். பெண்ணுறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் 'இரு விரல் சோதனை' கூடாது என்றும், அதைச் செய்வது ஒழுங்கீனம் என்றும் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

படி 3: மருந்து. பெப், அவசரக் கருத்தடை மாத்திரை, கொனோரியா, கிளமிடியா போன்ற பாலியல் தொற்றுகளைத் தடுக்கும் மாத்திரைகள், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அறிகுறி இல்லையே என்று மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம்; கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாமலேயே கருக்குழாயைப் பாதிக்கக்கூடியது.

அன்றைக்கே எடுக்கும் எச்.ஐ.வி., சிபிலிஸ் (மேகநோய்) பரிசோதனைகளில் தொற்று இல்லை என்று வந்தால் நிம்மதியடைந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன். அந்த முடிவு, சம்பவத்துக்கு முன்பு அவர் உடலில் இருந்த நிலையை மட்டுமே சொல்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையை ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் மீண்டும் செய்துகொள்ள வேண்டும். சிபிலிஸ் பரிசோதனையையும் மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி எடுக்க வேண்டும்.

படி 4: இருபத்தெட்டு நாட்கள். பெப் மருந்தை 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்து, மீதியை ஏ.ஆர்.டி. மையத்தில் வாங்கச் சொன்னால், அன்றைக்கே அந்த மையத்தின் இடத்தை அவருடன் சென்று பார்த்துவிடுங்கள். பூட்டுப் போட்ட பெட்டிகூட இல்லாத நடைபாதை வாழ்க்கையில், மழையும் திருட்டும் மாத்திரையைப் பறித்துவிடும். ஆதலால் நம்பிக்கையான ஒரு கடைக்காரரிடமோ தோழியிடமோ கொடுத்து வைக்க ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. நினைவூட்டலுக்குக் கைப்பேசியை நான் பரிந்துரைப்பதில்லை, அதைக் கணவரோ பிள்ளைகளோ எடுத்துப் பார்ப்பார்கள். நாள்காட்டித் தாளில் ஒரு புள்ளி வைத்தால் அதன் பொருள் அவருக்கு மட்டுமே தெரியும்.

பின்னர் சேர்த்தது: "கணவனே செய்தால் என்ன செய்வது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் குடும்ப வன்முறை என்றே வரையறுக்கிறது. அவர் கேட்டால் மருத்துவமனை சிகிச்சை அளிக்க வேண்டும் என்கிறது அதன் 7ஆவது பிரிவு. மேலே சொன்ன மருந்துகளும் அதே கால வரம்புகளும் அவருக்கும் பொருந்தும். தங்க இடம் வேண்டுமென்றால் 181 என்ற எண்ணை அழைத்து, அருகிலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தைக் கேட்கலாம், எச்.ஐ.வி. தொடர்பான ஐயங்களுக்கு 1097.