திருக்கார்த்திகைக்குச் செட்டிநாடு வருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தீபம் பார்க்கக் குடும்பத்தோடு காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது நேரத்தைத்தான். கார்த்திகை விளக்குக்கு உரிய பொழுது அந்தி. டிசம்பரில் இங்கே ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மதியம் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, எட்டு மணிக்கு வண்டியை எடுத்தால் பல வாசல்களில் கருகிய திரிதான் மிச்சமிருக்கும். ஐந்து மணிக்கே ஊருக்குள் இருங்கள். காலண்டரையும் ஊன்றிப் பாருங்கள். பரணி தீபம், திருக்கார்த்திகை, விஷ்ணு தீபம் என்று அடுத்தடுத்து வருவதால், பெருமாள் கோயிலில் நாள் மாறக்கூடும்.

அடுத்தது, ஒரே மாலையில் எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசை. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் குன்றக்குடியில் மலைப்படி ஏற வேண்டும். வயதானவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு இரண்டையும் முடித்து, பழைய செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் நிறைந்த கானாடுகாத்தானுக்கும் ஓடினால், விளக்கு எரிகிற நேரமெல்லாம் காருக்குள்ளேயே கழிந்துவிடும். ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருப்பதுதான் நல்லது.

கானாடுகாத்தானைத் தேர்ந்தெடுத்தால், எல்லா வீடும் ஒளி வெள்ளத்தில் மிதக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் கூடும் விசேஷங்களுக்குத்தான் திறக்கப்படுகின்றன. திறந்திருக்கும் வீட்டிலும் திண்ணைக்கு வெளியே நின்று, “ஆச்சி, உள்ளே வரலாமா?” என்று கேட்ட பிறகே காலெடுத்து வையுங்கள். பழைய வீட்டில் தங்குகிறவர்கள் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லின் மேல் வெறும் அகலை வைக்கக் கூடாது. அது சிமெண்டால் ஆனது. கசியும் எண்ணெயைக் கறையோடு குடித்துக்கொள்ளும். புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அடியில் ஒரு தட்டு வைத்து ஏற்றுங்கள். தேக்குத் தூணை ஒட்டியும், வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரை ஒட்டியும் விளக்கு வேண்டாம். அந்தச் சுவரில் படியும் புகைக்கரியை எடுப்பது பெரும்பாடு.

எனக்கு மிகுந்த கவலை தருவது சொக்கப்பனை. கோயில் வாசலில் பனைமரத்தை நட்டு, சுற்றிலும் காய்ந்த ஓலையைக் கட்டியிருப்பார்கள். கொளுத்தியதும் தீ ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறும், படபடவென்று வெடிக்கும், ஓலைத் துணுக்குகள் கனன்றபடியே மேலே போய், காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் விழும். இந்த மாதத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். பொறி தென்மேற்கே போகும். படம் நன்றாக வருகிறது என்பதற்காகக் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நிற்காதீர்கள். வடக்கிலோ கிழக்கிலோ, மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி நில்லுங்கள். முந்தின நாள் மழை பெய்து ஓலை நனைந்திருந்தால் புகை கண்ணைக் கரிக்கும். இழுப்பு உள்ளவர்களை இன்னும் தள்ளி உட்கார வையுங்கள். எரிந்து முடிந்ததும் சாம்பலுக்காகக் கூட்டம் பாயும். அதை நெற்றியில் இட்டுக்கொள்வதும் வயலில் தூவுவதும் வழக்கம். கறுத்துத் தெரிகிற கட்டைக்குள்ளும் கங்கு இருக்கும். நன்றாகத் தணிந்தபின் பெரியவர் ஒருவர் போய் எடுத்து வந்தால் போதும். பிள்ளைகளை அனுப்பவே கூடாது.

உடை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நைலான் பாவாடையும் பறக்கும் துப்பட்டாவும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்திதான் சரி, அதுவும் தொங்கல் இல்லாமல். சுட்டுவிட்டால் உடனே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு, காயத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

வானத்தில் விடும் காகித விளக்குகளைத் தயவுசெய்து வாங்கி வராதீர்கள். எரிந்துகொண்டே இறங்கும் விளக்கு யாருடைய வைக்கோல் போரில் விழும் என்று விட்டவருக்கே தெரியாது.

கார்த்திகைக்கு 21 நாள் கழித்து நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பிள்ளையார் நோன்பு வரும். 21 இழையால் திரித்த திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்வார்கள். கேள்விப்பட்டதும் பார்க்க ஆவல் எழுவது இயல்பு. ஆனால் அது வீட்டுக்குள் உறவினர் கூடிச் செய்யும் வழிபாடு. தெரிந்தவர்கள் அழைத்தால் மட்டும் போங்கள்.