உள்ளூர் நாளிதழின் இணைய, காணொளிப் பிரிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வெளிவரும் ஒரு சிறு நாளிதழ் இணையதளமும் யூடியூப் சேனலும் தொடங்க முடிவெடுத்தால், பெரும்பாலும் முதலில் வாங்கப்படுவது கேமரா. எந்தச் செய்தி யாருக்கு எந்த நேரத்தில் தேவைப்படுகிறது என்ற கேள்வியோ கடைசியாகத்தான் எழுகிறது. பின்னால் வரும் பல தவறுகள் இந்த வரிசைப் பிழையிலிருந்தே பிறக்கின்றன.

முதல் தவறு, இரவில் பக்கங்கள் அச்சுக்குப் போன பிறகு அதே செய்திகளை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டு அதையே இணையப் பதிப்பு என்று அழைப்பது. தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன்பே வியாபாரம் தொடங்கிவிடுகிறது. அன்றைய பிச்சிப்பூ விலை மறுநாள் நாளிதழில் வருவது ஆவணமாக நிற்கும், ஆனால் பூக்கடைக்காரருக்கு அது அன்று காலையிலேயே கைப்பேசியில் கிடைத்தாக வேண்டும். மழைக்காலத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டத்துக்கும் உபரிநீர் திறப்பு அறிவிப்புக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீளும் கடற்கரையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள் பலர் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தனர். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தபோதோ, கள்ளக்கடல் எனப்படும் திடீர்ப் பேரலை குறித்த எச்சரிக்கை ஏற்கெனவே வெளியிடப்பட்டிருந்தது. காற்றே இல்லாத தெளிந்த நாளில் தொலைதூரக் கடலிலிருந்து வரும் பேரலையைப் பற்றி வெளியூர்ப் பயணிக்குப் புரியும்படி ஒரு நிமிடக் காணொளியில் சொல்வதை, அரசியல் தலைவரின் பேட்டியைவிட முக்கியமான வேலையாக ஆசிரியர் குழு கருத வேண்டும். நடைமுறையில் அப்படிக் கருதப்படுவதில்லை.

தொழில்நுட்பத்தில் மிகச் சாதாரணமாகத் தோன்றி நெடுங்காலம் துன்புறுத்துவது எழுத்துருச் சிக்கல். எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே தரமாக ஏற்றிருந்தும், பல அச்சகங்களில் பக்க வடிவமைப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே நடக்கிறது. அதை நகலெடுத்து இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக்களின் குப்பைதான் தெரியும். இதற்கு மாற்றாகப் பலர் இ-பேப்பர் பக்கங்களைப் படமாக ஏற்றுகிறார்கள். ஆனால் படமாக ஏற்றப்பட்ட பக்கத்திலுள்ள செய்தி கூகுள் தேடலில் சிக்குவது அரிது. வளைகுடா நாட்டில் இருந்துகொண்டு தன் ஊர்ப் பெயரைத் தேடுகிறவருக்கு அது இல்லாததற்குச் சமம். நிருபர் தட்டச்சு செய்யும் இடத்திலேயே யூனிகோடைக் கட்டாயமாக்கி, அச்சுக்குத் தேவையான மாற்றத்தை வடிவமைப்பாளரிடம் விட்டுவிடுவதே சரியான வழி.

தலைப்பிலும் கவனம் வேண்டும். "தாமிரபரணியில் வெள்ளப்பெருக்கு" என்று அச்சில் எழுதினால் மாவட்டப் பதிப்பின் வாசகருக்குக் குழித்துறை வழியே ஓடும் ஆறு என்று விளங்கும். இணையத்திலோ திருநெல்வேலியில் இருப்பவரும் அதைத் தன் ஊர் ஆறாக எடுத்துக்கொள்வார். "கன்னியாகுமரியில் கனமழை" என்றால் மாவட்டமா, முக்கடல் கூடும் நகரமா என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஊர்ப்பெயரும் தேதியும் தலைப்பில் மட்டுமன்றிக் காணொளியின் திரையிலும் இருக்க வேண்டும், ஏனெனில் பழைய வெள்ளக் காட்சிகள் ஒவ்வொரு மழைக்கும் புதியவை போல வாட்ஸ்அப்பில் சுற்றி வருகின்றன. "குமரியில் பரபரப்பு" என்று காணொளியின் முகப்புப் படத்தில் (தம்ப்நெயில்) போடுவதைப் பற்றி எழுதவே தேவையில்லை.

படம் தெளிவாக இருந்தால் போதும் என்று நினைத்து ஒலியைக் கைவிடுவது அடுத்த தவறு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமான அதே காற்று, கைப்பேசியின் மைக்கில் இரைச்சலாக விழுந்து, பேசுகிறவரின் சொற்களை மூழ்கடித்துவிடும். கடற்கரையிலும் நிலைமை இதுதான். சட்டையில் மாட்டும் சிறு மைக்கும் அதற்கான காற்றுத்தடுப்பு உறையும் கேமராவுக்கு முன்பே வாங்கப்பட வேண்டியவை. விளவங்கோடு பக்கத்துப் பேச்சு மற்ற மாவட்டத்தாருக்குப் புரியாது என்று அஞ்சி, பேட்டியின் மேல் வேறொருவர் குரலை ஏற்றுவதைவிட, திரையின் கீழே எழுத்தாகப் போட்டுவிடுவது நல்லது.

திருவிழாக் காணொளிகளில் வேறொரு வலை விரிந்திருக்கிறது. சுசீந்திரம் தேரோட்டத்தையோ கோட்டாறு சவேரியார் ஆலயத் திருவிழாவையோ படமெடுக்கும்போது, ஒலிபெருக்கியில் ஓடும் பாடலும் சேர்ந்தே பதிவாகும். அதன் உரிமையாளர் கோரினால் அந்தக் காணொளியின் விளம்பர வருவாய் அவருக்குப் போகக்கூடும். 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கைகள் சேர்ந்தால் யூடியூப் சேனலே முடக்கப்படலாம்.

பாலியல் குற்றச் செய்திகளில் நேரும் பிழை இதைவிடப் பாரதூரமானது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கிறது. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நிருபர் கருதுகிறார். ஆனால் வீட்டு வாசல், பள்ளிச் சீருடை, தெருமுனைக் குருசடி (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று திரையில் தெரிந்தால் ஊரே அறிந்துவிடும். அச்சில் பெயரை விட்டுவிட்டு எழுதிப் பழகியவர்களே காட்சியில் தடுமாறுகிறார்கள். ஆகவே இத்தகைய காணொளிகளை மூத்த துணையாசிரியர் ஒருவர் ஒலியோடு முழுமையாகப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

வருவாயைப் பொறுத்தவரை, யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் (குறுங்காணொளி) பார்வைகளோ தேவை. இந்த எல்லையைத் தாண்டினாலும், ஒரு மாவட்ட அளவிலான சேனலுக்கு அதிலிருந்து சம்பளச் செலவு கிடைக்கும் என்று கணக்குப் போடுவது ஆபத்து. ஏற்கெனவே நாளிதழுக்கு விளம்பரம் தரும் நகைக்கடையிடமும் ஜவுளிக்கடையிடமும் அச்சையும் காணொளியையும் சேர்த்தே விற்க வேண்டும். பகுதி நேர நிருபரிடம் காணொளியும் கேட்டுவிட்டு, டேட்டா செலவைக்கூடத் தராமல் இருப்பது சிக்கனமாகாது. சில மாதங்களில் அவர் தன் பெயரிலேயே சேனல் தொடங்கிவிடுவார்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். அவசரத்தில் ஒரு நிருபரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கப்பட்ட சேனலும் முகநூல் பக்கமும், அவர் வேலையை விட்டுப் போகும்போது அவரோடு போய்விடும், மீட்பது எளிதன்று. நிறுவனத்தின் மின்னஞ்சலில் தொடங்கி, குறைந்தது இருவருக்கு நிர்வாக உரிமை தந்து, கடவுச்சொல்லை அலுவலகத்தில் பாதுகாப்பாகப் பதிந்துவைக்க வேண்டும். வெட்டித் தொகுக்காத மூலக் காட்சிகளையும் ஊர், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றுடன் தனி ஹார்டு டிஸ்கில் வைத்து, மற்றொரு பிரதியை வேறிடத்தில் வைப்பது நல்லது. அடுத்த வெள்ளத்தின்போது முந்தைய நீர்மட்டம் எங்கே நின்றது என்று காட்ட அவை தேவைப்படும்.