புள்ள கேக்கமுதல் குடுக்காதீங்க

எங்கட வீடு கல்லடில, அம்மம்மா, மாமி, சித்தி எல்லாரும் ஒரே வளவுக்குள்ளதான். மகன் குசினிப் பக்கம் கையக் காட்டினாப் போதும், ஒராள் தண்ணி, ஒராள் பிஸ்கட், ஒராள் பந்து எண்டு மூண்டும் வந்துரும். மறுகா அவன் என்னத்துக்குக் கதைக்கப் போறான்? ரெண்டு வயசு கிட்டவந்தும் ஏழெட்டுச் சொல்லுதான்.

அதால முதல் வேல, நாம வாயப் பொத்துறது. தண்ணிக் கோப்பைய அவன்ட கண்ணுக்கு நேர வச்சிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அந்தப் பத்து நமக்குத்தான் நீளம். "தா" எண்டாலும் "ண்ணி" எண்டாலும் விரலால காட்டினாலும் உடன குடுங்க, "தண்ணியா? இந்தா தண்ணி" எண்டு சொல்லிச் சொல்லி. ஒழுங்காச் சொன்னாத்தான் தருவன் எண்டு அழவைக்கிறதெல்லாம் வேணாம், தாகத்துல நிக்கிற புள்ளைக்குச் சோதின வைக்கிற மாதிரி அது.

"வேணுமா?" எண்டு கேட்டா தலையாட்டிட்டுப் போயிரும். ரெண்டக் காட்டி "தயிரா, வாழப்பழமா?" எண்டு கேளுங்க. "தயிர்" எண்டு வந்தா நீங்க ஒரு சொல்லுக் கூட்டி "எருமத் தயிர்", "தயிர் முடிஞ்சி" எண்டு சொல்லுங்க. எங்கட ஆள் முதல் முதல் சேத்துச் சொன்னது "மாமி போ", மாமிக்கு இண்டைக்கும் கோவம்.

இது என்ன அது என்ன எண்டு நாள் முழுக்கக் கேக்கிறதும் சரியில்ல. அதவிட இறால் உரிக்கக்குள்ள பக்கத்துல இருத்தி, "மீசயப் பாரு, தலயக் கழட்டுறன், சட்டிக்குள்ள போடுறன்" எண்டு செய்யிறதச் சொல்லிக்கொண்டே செய்ங்க. போன்ல ஓடுற காட்டூன் இவன் சொல்லுறதுக்குத் திருப்பிப் பதில் சொல்லாதுதானே. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னதும் 2 வயசுக்குக் கீழ திரை வேணாம், 2லருந்து 4 வயசு வரைக்கும் நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேணாம் எண்டுதான்.

கழிசான் போடப் பழக்கிறதெண்டா கடசிலருந்து தொடங்குங்க. முழங்காலுக்கு மேல வரைக்கும் நீங்க ஏத்திட்டு, இடுப்புக்கு இழுக்கிறத மட்டும் அவனுக்கு விடுங்க, அது பழகினா முழங்கால்லருந்து, மறுகா கணுக்கால்லருந்து. ஒவ்வொருக்காவும் முடிச்சது அவன்தான், அந்தப் புளுகம் பெரிசு. செருப்பு, போத்தல் மூடி எல்லாத்துக்கும் இதே வழிதான். சோறு தானே தின்னட்டும், சிந்துறது கோழிக்கு.

ஆம்புளப் புள்ள சுணங்கித்தான் கதைக்கும் எண்டு சொல்லுவாங்க, அத நம்பி இருந்துராதீங்க. ஒரு வயசாகியும் விரலால காட்டுறது, கையாட்டுறது ஒண்டும் இல்லாட்டி, ஒண்டர வயசுல சொல்லே இல்லாட்டி, ரெண்டு வயசுல ரெண்டு சொல்லு சேராட்டி, கிளினிக் கொப்பியோட மிட்வைப் மிஸ்ஸிட்டப் போங்க. சொன்ன சொல்லு எந்த வயசுல மறைஞ்சாலும் உடன போகணும். 18 மாசத் தடுப்பூசிக்கு எப்பிடியும் போவீங்கதானே, அப்பவே கேக்கலாம். முதல் காது டெஸ்ட் கேளுங்க, அடிக்கடி தடிமல் வாற புள்ளைக்கு காதுக்குள்ள நீர் நிண்டு கேக்கிறது குறையலாம். போகமுதல் அது சொல்லுற சொல்லெல்லாம் ஒரு கடதாசில எழுதிக்கொண்டு போங்க, அங்க போய் நிண்டா ஒண்டும் ஞாபகம் வராது.